கிளைக் கணக்கும் இலைக் கணக்கும்

பணியிலிருந்து ஓய்வு பெறும் நிலையிலுள்ள நேயர் ஒருவர் நமக்கு ஒரு மடல் விடுத்திருக்கின்றார். வருங்கால வைப்பு நிதியாகக் கைக்கு வரவிருக்கும் தொகையைக் கொண்டு, தென்னாட்டுச் சிற்றுண்டி நிலையம் ஒன்றின் கிளை உரிமையைப் பெற்று, தாம் 30 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் வடநாட்டு நகரிலேயே கடை வைக்கலாமா என்பது அவர் வினா. ஃபிரான்சைஸ் என்று இக்காலத்தார் வழங்குவது இதனையே. மடலுடன், அந்நிறுவனத்தார் அச்சிட்டு வழங்கிய வண்ண ஏடு ஒன்றையும் இணைத்திருக்கின்றார். ‘ஐந்தாண்டுகளுக்கு முன் 20 கடைகள், இன்று 80 கடைகள், விற்பனை மும்மடங்கு’ என்பது அதன் முதற்பக்கம். நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், நேயரின் பெயரும் வேண்டாம். இத்தகைய ஏடுகள் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மேசைமீது கிடக்கின்றன என்பதை நாம் அறிவோம். ஊரை விட்டு வந்தவர்க்கு நிலமும் புலமும் இங்கில்லை. ஓய்வுக் காலத்துத் தொகை ஒன்றே பிற்கால ஆதாரம். ஆகவே, அன்பருக்குத் தனி மறுமொழி எழுதுவதைவிட, இப்பகுதியில் எழுதுவதே தக்கதெனக் கருதினோம்.

அந்த முதற்பக்கத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒவ்வொரு கடையிலும் நாளொன்றுக்கு 30,000 ரூபாய் விற்றது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கின் பொருட்டு நாம் கொண்ட தொகையேயன்றி அந்நிறுவனத்தினுடையதன்று. 20 கடைகளுக்கும் சேர்த்து 6 லட்சம். இன்று மும்மடங்கு என்றால் 18 லட்சம். அதனை 80 கடைகளுக்கும் பங்கிட்டால் கடைக்கு 22,500 ரூபாய் வருகின்றது. ஏட்டில் அச்சிட்டது பொய்யன்று. ஆயினும் ஒரு கடையின் விற்பனையில் கால் பங்கு குறைந்திருக்கின்றது. இன்னும் சற்று உள்ளே செல்வோம். அன்று ஒருவர் சராசரியாக 150 ரூபாய்க்கு உண்டார் என்றும், உளுந்தும் எண்ணெயும் எரிவாயுவும் கூலியும் ஏறிய காரணத்தால் இன்று அதே உணவுக்கு 200 ரூபாய் தருகின்றார் என்றும் கொள்வோம். அன்று ஒரு கடைக்கு வந்தவர் 200 பேர். இன்று வருபவர் 112 பேர். மும்மடங்கு என்னும் சொல்லுக்குப் பின்னால் நாற்காலிகளில் பாதி காலியாக இருக்கக்கூடும் என்பதை அந்த வண்ண ஏடு சொல்லாது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். புதிதாகத் திறந்த கடை முதல் நாளிலேயே பழைய கடையைப் போல் விற்றுவிடாது. தெருவுக்கு அது பழக வேண்டும். சாம்பாரின் சுவை இன்னதென்று வாய்க்குத் தெரிய வேண்டும். ஆகையால் 80 கடைகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி காண்பதும் முறையாகாது. பழைய 20 கடைகளைத் தனியே பிரித்து, சென்ற ஆண்டு அவை விற்றது எவ்வளவு, இவ்வாண்டு அதே கடைகள் விற்றது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். தொழில் துறையினர் இதனைச் ‘சேம் ஸ்டோர் சேல்ஸ் குரோத்’ என்பர். நாம் ‘பழங்கடை வளர்ச்சி’ என்று வழங்குவோம். பங்குச் சந்தையில் பதிவு பெற்ற உணவகக் குழுமங்கள் மூன்று திங்களுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கைகளில் இந்த எண்ணைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். புதுக் கடைகளின் ஆரவாரத்தை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே தெரிந்த வாசலுக்கு மக்கள் மறுபடியும் வருகின்றார்களா என்பதை அது காட்டுகின்றது.

இதன் வலிமையை உணர்த்த டாமினோஸ் கதையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை எனலாம். அமெரிக்கப் பெயர் கொண்ட இந்தப் பீட்சாக் கடைகளை நம் இல்லத்துப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். இந்நாட்டில் இவற்றை நடத்துவது ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் என்னும் இந்திய நிறுவனம். முதற் கடை 1996-இல் தில்லியில் திறக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் 145 ரூபாய் விலையில் வெளியிட்ட பங்குகளுடன் நிறுவனம் சந்தைக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் கடைகள் 300-க்குச் சற்று அதிகம். 2010-11-இல் அதன் பழங்கடை வளர்ச்சி நூற்றுக்கு 30-ஐத் தாண்டியது. வியத்தகு எண்தான். அந்த ஊக்கத்தில் கடைக்குமேல் கடையாகத் திறந்தார்கள். 2016 மார்ச்சில் எண்ணிக்கை 1,000-ஐக் கடந்தது. மொத்த விற்பனையும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தது.

அதே ஆண்டுகளில் பழங்கடைகள் எப்படி இருந்தன? 2013-14-இல் அவற்றின் வளர்ச்சி நூற்றுக்கு 2-ஐயும் எட்டவில்லை. 2014-15-இல் ஏறத்தாழச் சுன்னம். 2016-17-இல் சுன்னத்துக்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டு நவம்பரில் நேர்ந்த பணமதிப்பு நீக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் தேக்கம் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. விலைவாசி ஏறிவந்த அக்காலத்தில் ரூபாயில் வளர்ச்சி சுன்னம் என்றால், கடைக்கு வந்த ஆர்டர்கள் உண்மையில் குறைந்திருக்க வேண்டும், அல்லது மக்கள் மலிவானவற்றையே தேர்ந்திருக்க வேண்டும். கடைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தவர்க்கு இந்த நான்காண்டுகளும் பொற்காலமாகவே தோன்றியிருக்கும்.

பிறகு 2017-இல் தலைமை மாறியது. அவ்வாண்டு ஜூலையில் மாவும் குழம்பும் மேலிடும் பொருள்களும் சீர்திருத்தப்பட்டன. அதனைத் தொடர்ந்து வாரத்தின் எல்லா நாளும் செல்லுபடியாகும் மலிவு விலைத் திட்டம் ஒன்று வந்தது. 2017-18-இல் கடைகளின் எண்ணிக்கை மிகச் சிறிதே கூடியது. அதே ஆண்டில் பழங்கடை வளர்ச்சி நூற்றுக்கு 13-ஐத் தாண்டியது. கடை திறப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, உள்ள கடையில் உள்ள பண்டத்தைத் திருத்தியபோது மக்கள் திரும்பி வந்தார்கள். இதனை எந்த மாமியும் முன்பே சொல்லியிருப்பாள் என்று நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் பெரிய நிறுவனத்துக்கு அது தெளிய நான்காண்டுகள் ஆயின.

இனி நம் நேயருக்கு நேரே தொடர்புள்ள இடத்துக்கு வருகின்றோம். டாமினோஸின் பழங்கடைகள் அக்காலத்தில் தளர்ந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அந்நிறுவனத்தின் விற்பனையில் பெரும்பகுதி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. 30 நிமிடத்தில் கொடுப்போம் என்பது அவர்கள் வாக்குறுதி. நகரில் நெரிசல் மிகும்தோறும் கடைக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவைக் குறைத்தாக வேண்டும். ஆகவே ஒரு கடையின் எல்லைக்குள்ளேயே இன்னொரு கடையைத் திறந்து, தெருக்களைப் பங்கிட்டார்கள். இதனைக் ‘கடையைப் பிளப்பது’ என்பார்கள். பிளக்கப்பட்ட பழைய கடையின் விற்பனை இயல்பாகவே குறையும். பிற்காலத்தில் அந்நிறுவனம் பிளக்கப்பட்ட கடைகளை நீக்கிவிட்டுக் காணும் வளர்ச்சியை ‘லைக் ஃபார் லைக்’ என்னும் வேறொரு பெயரால் தனியே வெளியிட்டது. அறிக்கையில் இரு எண்கள் இருந்தால் இரண்டும் எந்தெந்தக் கடைகளைச் சேர்த்தவை, எவற்றை விட்டவை என்று அடிக்குறிப்பைப் படித்தறிய வேண்டும். இது ஒருபுறம் இருக்க, கடையைப் பிளந்தால் இழப்பு யாருக்கு என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

ஜூபிலன்ட் நிறுவனம் தன் கடைகளைத் தானே நடத்துகின்றது. லாஜ்பத் நகர்க் கடையில் குறைந்த விற்பனை அடுத்த தெருக் கடையில் ஏறினால், வலப்பையிலிருந்து இடப்பைக்குப் போனதே அன்றி வேறில்லை. விரைவாகக் கொடுப்பதால் ஆர்டர்கள் மொத்தத்தில் கூடினால் அவர்களுக்கு ஆதாயமே. ஆனால் கிளை உரிமை பெற்றவர் நிலை வேறு. அவருடைய கடை பிளக்கப்பட்டால் குறைவது அவர் பை. நிறைவது இன்னொருவர் பை. தலைமை நிறுவனமோ இரு கடைகளிலிருந்தும் தன் பங்கைப் பெறுகின்றது. அந்தப் பங்கும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகின்றது, இலாபத்தில் அன்று. உரிமைக் கட்டணம் என்று தொடக்கத்திலேயே ஒரு தொகையையும் வாங்கிவிடுகின்றார்கள். ஆகவே மூன்றாவது கடையைத் திறப்பதில் தலைமைக்கு உள்ள ஆசை, முதற் கடைக்காரருக்கு இருக்க இயலாது. ‘நிறுவனம் வளர்கின்றதா?’ என்று நேயர் நம்மைக் கேட்டிருக்கின்றார். வளர்கின்றது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வளர்ச்சியில் ஒரு பகுதி, தம்மைப் போன்ற 60 பேர் தத்தம் வைப்பு நிதியைக் கொண்டுவந்து கொட்டியதால் ஏற்பட்டது என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் முன்னேற்றத்தை அளக்கும் கோல் வேறு. அவர் வாங்கப்போகும் ஒரு கடையை அளக்கும் கோல் வேறு.

அந்த இரண்டாம் கோலுக்கு நாம் வெளிநாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. இலை போட்டுச் சாப்பாடு பரிமாறிய நம் விடுதிகளில் கல்லாவில் அமர்ந்த முதலாளி இரவில் இரண்டு கணக்குகள் பார்ப்பார். ஒன்று பெட்டியில் உள்ள பணம். மற்றொன்று இலைக் கணக்கு. காலையில் கட்டு எத்தனை வந்தது, இரவில் மிச்சம் எத்தனை என்று பார்த்தால் வந்து உண்டவர் தலை எண்ணிக்கை கிடைத்துவிடும். பணம் கூடி இலை குறைந்தால், விலை ஏற்றம்தான் பெட்டியை நிரப்புகின்றது என்று அவருக்குத் தெரியும். இலை கூடிப் பணம் குறைந்தால், கூட்டம் மலிவான பண்டத்தை நாடுகின்றது, அல்லது பெட்டிக்குப் போகும் வழியில் ஏதோ ஓட்டை இருக்கின்றது! மும்பை மாதுங்காவில் 1942-இல் தொடங்கிய ராம நாயக் உடுப்பி போர்டிங்கில் உண்ட நம்மவர்க்கு, ஓர் இலை எடுக்கப்படுவதற்கும் அடுத்த இலை போடப்படுவதற்கும் இடையே உள்ள சுறுசுறுப்பு நினைவிருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரே இருக்கையில் எத்தனை பேர் அமர்ந்து எழுகின்றார்கள் என்பதும் ஓர் அளவையே.

பணமும் இலையும் தனித்தனியே நகரும் என்பதற்குப் புதிய சான்றும் உண்டு. டாமினோஸ் வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணத்தை நீக்கிய பிறகு, 2024-25-இல் அதன் ஆர்டர்களின் எண்ணிக்கை விற்பனைத் தொகையைவிட விரைவாக ஏறியது. இலை கூடியது; இலைக்கு வரும் பணம் குறைந்தது. இது நன்மையா தீமையா என்பது, கொண்டுபோய்க் கொடுக்கும் செலவை யார் தாங்குகின்றார் என்பதைப் பொறுத்தது. இதற்கு மாறான நிலை 2017-இன் இறுதியில் நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் உணவகங்களுக்கான சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18-இலிருந்து 5-ஆகக் குறைக்கப்பட்டது. அதனுடன், வாங்கிய பொருள்களுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையும் நீக்கப்பட்டது. உணவகங்கள் பலவும் பண்டங்களின் அடிப்படை விலையை உயர்த்தின. வரி நீங்கலாகக் கணக்கிடும் விற்பனைத் தொகை, ஓர் ஆள்கூட அதிகமாக வராமலேயே ஏறியது. ஆகவே எவரேனும் வளர்ச்சி என்று ஓர் எண்ணைக் காட்டினால், அதில் தலை எவ்வளவு, விலை எவ்வளவு என்று பிரித்துக் கேட்பது நன்று.

எந்த நாளை எந்த நாளோடு ஒப்பிடுவது என்பதிலும் ஏமாற்றம் நிகழக்கூடும். வடநாட்டில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். நம் இல்லங்களில் நவராத்திரி என்றால் கொலுவும் சுண்டலும். அழைத்தவர் வீடுகளுக்கெல்லாம் போய் வருவோம். இங்குள்ளவர்க்கு அவ்வொன்பது நாளும் நோன்பு நாள்கள். இறைச்சியும் வெங்காயமும் பூண்டும் விலக்கு. பலர் அரிசி, கோதுமையும் தொடுவதில்லை. உணவகங்களின் வாணிகம் அந்நாள்களில் மாறிவிடுகின்றது. 2024-இல் நவராத்திரி அக்டோபர் 3-ஆம் நாள் தொடங்கியது. 2025-இல் செப்டம்பர் 22-ஆம் நாளே தொடங்கிவிட்டது. எனவே முந்திய ஆண்டில் அக்டோபர் – டிசம்பர் காலாண்டில் இருந்த நோன்பு, பிந்திய ஆண்டில் ஜூலை – செப்டம்பர் காலாண்டுக்குப் பெயர்ந்தது. பஞ்சாங்கம் பாராமல் இவ்விரு காலாண்டுகளை ஒப்பிடுபவர், ஒன்றில் இல்லாத நோயையும் மற்றொன்றில் இல்லாத நலத்தையும் காண்பார். 2023-இல் ஆவணிக்கு நிகரான சிராவண மாதம் அதிக மாதத்தால் இருமடங்கு நீண்டபோதும் இதே நிலைதான். 2020-இன் ஊரடங்குக்குப் பிந்திய ஆண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூடிக் கிடந்த கூடத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கடையும் வளர்ந்ததாகவே தோன்றும். ஆதலால் நேர்மையான நிறுவனங்கள் அப்போது 2019-20-ஆம் ஆண்டையே அடிப்படையாகக் கொண்டு ஒப்பிட்டுக் காட்டின. கிளை உரிமை விற்போர் ஏட்டில் ஒப்பீட்டு ஆண்டு 2020 அல்லது 2021 என்றிருந்தால் நேயர் சற்று நிதானிக்க வேண்டும்.

மூடிய கடைகள் கணக்கிலிருந்து மறைந்துபோவது இன்னொரு விந்தை. காபி விரும்பும் நம் மக்கள் கஃபே காபி டேயின் வரலாற்றை வருத்தத்தோடு அறிவார்கள். 1996-இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் தொடங்கியது. 2015-இல் 328 ரூபாய் விலையில் பங்குகளை வெளியிட்டது. 2019-இல் 1,700-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. கடனும் அதற்கேற்பப் பெருகியிருந்தது. அவ்வாண்டு ஜூலையில் நிறுவனரின் துயர மரணம் நிகழ்ந்தது. பின்னர்ப் பெருந்தொற்று. 2023 மார்ச்சில் எஞ்சிய கடைகள் 500-க்கும் குறைவு. ஆனால் எஞ்சியவற்றின் சராசரி நாள் விற்பனை, பெருந்தொற்றுக்கு முன்பிருந்ததைவிட உயர்ந்தது. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. நலிந்தவற்றை மூடினால் சராசரி உயர்வது கணக்கின் இயல்பு. வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சராசரி மதிப்பெண்ணைக் காட்டுவது போன்றது அது. நம் நேயருக்குக் கிடைத்த ஏட்டில் 80 கடைகள் திறந்திருப்பது சொல்லப்பட்டிருக்கின்றது. ஐந்தாண்டுகளில் திறந்து மூடியவை எத்தனை என்பது எங்கும் இல்லை.

அமெரிக்க நாட்டில் கிளை உரிமை விற்போர், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்னரே ஒரு விவர ஆவணத்தை வாங்குவோரிடம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். எத்தனை கடைகள் திறந்தன, எத்தனை மூடின, கைமாறின என்னும் விவரங்கள் அதில் இடம்பெறும். நம் நாட்டில் இதற்கென்று தனிச்சட்டம் கிடையாது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்டும் கிடைக்காவிடில் அதுவே ஒரு விடை. நிறுவனம் கம்பெனியாகப் பதிவு பெற்றிருந்தால், அதன் ஆண்டுக் கணக்குகளைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். அதில் உரிமைக் கட்டண வருமானம் எவ்வளவு, உணவு விற்ற வருமானம் எவ்வளவு என்று பிரிந்திருந்தால் நலம். இட்லி விற்பதைவிட உரிமை விற்பதே பெருந்தொழிலாக இருப்பின், அங்கே பண்டம் இட்லியன்று, உரிமைதான்.

இக்காலத்து உணவகத்தில் இலைக் கணக்கும் எளிதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொமாட்டோ, ஸ்விக்கி முதலிய செயலிகள் வழியே வரும் ஆர்டர்களில் உண்பவர் இன்னார் என்பது கடைக்காரருக்கு முழுமையாகத் தெரிவதில்லை. 40 ஆர்டர்கள் வந்தால் அவை 40 வீடுகளா, பத்தே வீடுகள் நான்கு முறை அழைத்தவையா என்று அவரால் சொல்ல முடியாது. இவ்விரண்டும் வெவ்வேறு வாணிகம். முன்னதில் பலரும் ஒருமுறை சுவைத்துப் பார்க்கின்றார்கள். பின்னதில் சிலர் விடாமல் வருகின்றார்கள். இந்தத் தகவல் மறைப்பையும் தரகுத் தொகையையும் பற்றி இந்தியத் தேசிய உணவகச் சங்கம் 2021-இல் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. 2022 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. டாமினோஸ் போன்ற பெரு நிறுவனங்கள் தமக்கென்று செயலி வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வாங்குவோர்க்குப் புள்ளிகள் அளித்து, யார் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகின்றார், சலுகை இல்லாத நாளிலும் வருகின்றாரா என்பதைத் தாமே அறிந்துகொள்கின்றன. ஒரு கடை வைத்திருப்பவரிடம் அந்த வசதி இல்லை. அவருக்கிருப்பது கண். சலுகை விலை நிறுத்தப்பட்ட மறுவாரம் கூட்டம் என்னவாயிற்று என்பதைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

அளவைகளில் அகப்படாத ஒரு வகையும் உண்டு. அதைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. காபி வாரியம் தன் காபி இல்லங்களை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் 1957-இல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து இந்தியன் காபி ஹவுஸை நடத்தலாயினர். தில்லியில் மோகன் சிங் பிளேஸ் மாடியில் ஒரு குவளைக் காபியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அரசியல் பேசும் பெரியவர்களை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். இருக்கை ஒன்றுக்கு மணிக்கு எத்தனை பேர் என்று எண்ணினால் அது தோல்வி. ஆயினும் அங்கே வருபவர் நாற்பதாண்டுகளாக வருகின்றவர். இந்த அன்பை நம்பிக் கடன் வாங்கிக் கடை வைக்க முடியாது என்பதும் உண்மையே.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் கடை மூடப்படலாம். 2017 ஜூன் இறுதியில் தில்லியில் இருந்த 55 மெக்டானல்ட்ஸ் கடைகளில் 43 ஒரே நாளில் மூடப்பட்டன. கூட்டம் குறைந்ததால் அன்று. 2013-இல் தலைமைக்கும் இந்தியப் பங்காளிக்கும் மூண்ட பூசலுக்கிடையே, உணவகம் நடத்துவதற்குரிய உரிமங்கள் புதுப்பிக்கப்படாமல் போயின. அப்பூசல் 2019 மே மாதத்தில்தான் தீர்ந்தது. அத்தனை பெரிய பங்காளிக்கே ஒப்பந்தத்தின் சொற்கள் இவ்வளவு துன்பம் தந்தன என்றால், ஒரே கடை வைப்பவர் ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திடலாகாது. அவர் கடையைச் சுற்றி எத்தனை கிலோமீட்டருக்குள் வேறு கிளை திறக்கப்படாது என்பது எழுத்தில் இருக்கின்றதா? செயலி வழியே அடுத்த கிளை அவர் தெருவுக்கு உணவு அனுப்பலாமா? தலைமை அறிவிக்கும் சலுகை விலையின் இழப்பை யார் ஏற்பது? மாவும் பொடியும் தலைமையிடமே வாங்க வேண்டுமென்றால் அவற்றின் விலையை யார் நிர்ணயிப்பது? வண்ண ஏட்டில் இவற்றுக்கு இடமில்லை. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இவற்றோடு நேயர் செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒன்று உள்ளது. அதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். அந்நிறுவனத்தின் 80 கடைகளில் மூன்றாண்டுகளுக்கு மேலானதும், தலைமை தானே நடத்தாமல் உரிமை பெற்ற ஒருவர் நடத்துவதுமான கிளையாகத் தாமே ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். நிறுவனத்தார் அழைத்துச் சென்று காட்டும் கிளை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எந்தத் தோசைக் கடையிலும் கூட்டம் இருக்கும். திங்களின் கடைசி வாரத்தில், சம்பளம் தீர்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று அமரட்டும். உள்ளே வந்தவர் எத்தனை பேர், பை சுமந்து நிற்கும் இளைஞர் எத்தனை பேர், பரிமாறுபவர் எவரையேனும் முகம் பார்த்து வரவேற்கின்றாரா என்று குறித்துக்கொள்ளட்டும். பெரிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே இந்நாட்டு மக்கள், நம்மவர் அல்லாத அண்டை வீட்டார், விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளே வருகின்றார்களா, திரும்பிப் போகின்றார்களா என்பது மிக முக்கியம். தமிழ்க் குடும்பங்களை மட்டும் நம்பி அந்த வாடகையைக் கொடுக்க இயலாது. மழைக்காலத்தில் ஒருமுறை, நோன்பு நாளில் ஒருமுறை, சலுகை இல்லாத வாரத்தில் ஒருமுறை என நான்கைந்து தடவை போகட்டும். கல்லாவில் இருப்பவர் ஓய்வாக உள்ள வேளையில், இன்னொரு முறை இதே தொகை கைக்கு வந்தால் இதே கடையை எடுப்பீர்களா என்று கேட்கட்டும். அவர் உடனே விடை சொல்கின்றாரா, தேநீர் வரவழைத்துவிட்டுப் பேசத் தொடங்குகின்றாரா என்பதையும் சேர்த்து அடுத்த மடலில் நமக்கு எழுதுவாராக.